திண்ணையும் ஏணியும்

சித்தூர், திருப்பதி என்னும் பெயர்களைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது திருவேங்கட மலை; அடுத்து எழுவது எல்லைப் போராட்டம். 1911ஆம் ஆண்டு வரை சித்தூர் நகரமே வடாற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில் வடாற்காட்டிலிருந்து சில வட்டங்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும், காளத்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர்ச் சமீன் பகுதிகளையும் ஒன்றுகூட்டிச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. வடாற்காட்டின் தலைமையிடம் வேலூருக்குப் பெயர்ந்தது. 1960இல் படாஸ்கர் முடிவின்படி திருத்தணி தமிழகத்துக்கு மீண்டது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. இவ்வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் அதே நிலப்பரப்பில், எல்லைக் கற்களைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் நடமாடிய வேறொரு வரலாறு உண்டு. அது பள்ளியறையின் வரலாறு. ஆசிரியர் எவ்வாறு கற்பித்தார், மாணவன் கற்றுக்கொண்டான் என்பதை எவ்வாறு அறிந்தார் என்னும் இரு வினாக்களின் வரலாறு அது.

இவ்விரு வினாக்களும் நம் திண்ணைப் பள்ளிகளில் ஒன்றாகவே இருந்தன. இன்று நாம் பாடம் நடத்துதல் ஒரு தொழில், தேர்வு வைத்தல் மற்றொரு தொழில் என்று பிரித்துக் காண்கிறோம். திண்ணையில் அப்பிரிவினை இல்லை. சிறுவன் மணலைப் பரப்பி விரலால் எழுதும்போதே அவன் எழுத்து சரியா தவறா என்பது கண்முன் கிடந்தது. தவறாயின் கையால் ஒரு முறை தடவினால் பலகை வெறுமையாயிற்று. தவற்றுக்குப் பதிவேடு இல்லை. மணலில் தேறியவன் ஓலைக்குச் செல்வான். அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குச் செல்வான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று கணக்கு படிப்படியாக ஏறிச் சென்றது. நெல் அளக்கவும், பொன் நிறுக்கவும், நிலம் அளக்கவும் தேவைப்பட்ட கணக்கு அது. எனவே தேறினானா இல்லையா என்பதை ஊர்க்களமே உரைத்துவிடும்.

உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் அக்காலப் பள்ளி நடைமுறைகளை விரிவாகப் பதிந்து வைத்துள்ளார். விடியுமுன் முதலில் வந்து சேரும் சிறுவனுக்கு 'வேத்தான்' என்று பெயர். மாலையில் கலையும்போது பூ, பறவை, ஊர் என ஒவ்வொரு பெயரை உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் சொல்லியனுப்புவார். மறுநாள் அவன் அதை மறவாமல் வந்து சொல்லவேண்டும். இதனைத் தேர்வு என்பதா, பாடம் என்பதா? இரண்டும்தான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்க்கு முறை சொல்லிக் கொடுப்பான். சொல்லிக் கொடுக்கையிலேயே தன் பாடத்தையும் உறுதிப்படுத்திக்கொள்வான். ஒரே ஆசிரியர், ஒரே திண்ணை, பல வயதினர், பல நிலையினர். வகுப்பு என்னும் சொல்லுக்கே அங்கு இடமில்லை.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் இதன் மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று. பிரம்படியும் கோதண்டமும் அத்திண்ணையின் உறுப்புகளே. பெண்குழந்தைகள் மிக அரிதாகவே வந்தனர். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட குடியினர்க்குத் திண்ணையின் படி எட்டாத உயரத்தில் இருந்தது. நினைவாற்றலுக்குத் தந்த இடத்தைப் பொருளறிவுக்கு அது தரவில்லை என்று பின்னாளில் வந்த கண்காணிப்பாளர் பலரும் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை.

இத்திண்ணை முறை கடல் கடந்த கதை சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் தமிழ்ச் சிறுவர்கள் மணலில் எழுதிப் படிக்கும் காட்சி அவர் கண்ணில் பட்டது. உடனே தம் இல்லத்திலும் அதனைப் புகுத்த முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், ஜான் பிரிஸ்கன் என்பது அவன் பெயர், கீழ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியோர் முடியாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான். 1796இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே இம்முயற்சி பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் 1833இல் எழுந்த பள்ளி இன்றளவும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது. ஆனால் சென்றது சட்டாம்பிள்ளை மட்டுமே. திண்ணையின் நெருக்கம் செல்லவில்லை. நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே கூடத்தில் அடைத்து, குறைந்த செலவில் அணிவகுப்புப் போல ஓதுவிக்கும் பொறியாக அது அங்கே மாறிற்று.

மாகாணத்தின் ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். (திருமலைக் கோயிலில் இவர் பெயரால் வழங்கும் கங்காளம் ஒன்று உண்டென்பதைத் திருப்பதி சென்றோர் அறிவர்.) 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; மக்கள்தொகை 1 கோடியே 28 இலட்சத்துக்கு மேல். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. எண்ணிக்கையைக் கண்டு மன்றோ இகழவில்லை. தரத்தை உயர்த்த அரசு பொருளுதவி செய்யவேண்டுமென்றே எழுதினார். பொருளுதவி பின்னர் வந்தது. அதன் தோளில் ஏறித் தேர்வும் வந்தது.

இங்கிலாந்தில் 1862இல் 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வருவார். எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைகளை எண்ணி மானியம் வழங்கப்படும். 1860களில் சென்னை மாகாணமும் இவ்வழியைப் பின்பற்றியது. இவ்விடத்தில்தான் நம் வரலாறு முறிந்தது என்பது என் துணிபு. ஆசிரியர் கற்பிக்க, அயலார் ஒருவர் வந்து அளந்து செல்லும் நிலை ஏற்பட்டது. பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதை அறிந்து உதவுவதற்கு இருந்த சோதனை, ஆசிரியர் வீட்டு உலையில் அரிசி விழுமா என்பதை முடிவு செய்யும் சோதனையாயிற்று. அந்நிலையில் ஆசிரியர் என்ன செய்வார்? ஆய்வாளர் கேட்கக்கூடியதை மட்டும் உருப்போட வைப்பார். தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையைப் பின்வரிசைக்கு அனுப்புவார். மானிய விதி பின்னர் மறைந்தது. அது பழக்கிய மனம் மறையவில்லை.

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் சபையாரின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னர் வேலூரிலும் சென்னையிலும் கற்றார். விடுதலைக்குப் பின் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். 1949இல் அளித்த அறிக்கையில், உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வு முறையின் சீர்திருத்தமாகவே இருக்கவேண்டும் என்று அக்குழு கூறியது. அவர் பிறந்தநாளை ஆசிரியர் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அக்கருத்தை அந்நாளில் யாரும் நினைவூட்டக் கேட்டதில்லை.

முறிந்த இழையை மீண்டும் முடிந்த முயற்சி, வியப்பாக, இந்நிலப்பரப்பின் மேற்கு மூலையிலிருந்தே எழுந்தது. மதனப்பள்ளி 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். 1895இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது அங்கேதான். 1919இல் இரவீந்திரநாத தாகூர் தங்கி 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்ததும் அங்கேதான். அவ்வூருக்கு அருகே, பாறைக்குன்றுகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கில் 1920களில் நிலம் வாங்கப்பட்டது. ரிஷிவேலி என்னும் பள்ளி அங்கு வளர்ந்தது. ஒரு குழந்தையை மற்றொன்றோடு ஒப்பிடுவது இரண்டையும் சிதைக்கும் என்பது கிருஷ்ணமூர்த்தி வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கருத்து. எனினும் ரிஷிவேலி வசதி படைத்தோர் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளி. அதன் வேலிக்கு வெளியே இருந்த சிற்றூர்களில் நிலக்கடலை விதைத்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அக்கருத்தால் பயன் என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் டேவிட் ஹார்ஸ்பரோ முன்னோடி. ரிஷிவேலியில் ஆசிரியராயிருந்த இவ்வாங்கிலேயர் 1972இல் அருகிலேயே, கர்நாடக எல்லைக்குள், நீல்பாக் என்னும் சிற்றூர்ப் பள்ளியைத் தொடங்கினார். வயதால் பிரித்த வகுப்பில்லை, தேர்வில்லை, தண்டனையில்லை. 1984இல் அவர் மறைந்தபின் அப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. அவர் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட பத்மநாப ராவ், இரமா என்னும் இணையர் 1980களின் பிற்பாதியில் ரிஷிவேலியைச் சூழ்ந்த ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளை அமைக்கத் தொடங்கினர். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வூர் இளைஞரே. விதைப்பும் அறுவடையும் வந்தால் பிள்ளை வாரக்கணக்கில் வரமாட்டான். வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். இரண்டுமுறை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவன் வருவதேயில்லை. பின்தங்கிய பிள்ளையை நிறுத்தும் பொறுப்பு ஆண்டுத் தேர்வைச் சேர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவனை நிறுத்துவது, அவனுக்காகக் காத்திராத பாடப்புத்தகத்தின் பக்கம்.

ஆகவே அவர்கள் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அட்டைகளாக்கினர். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம், ஓர் எண். அட்டைகளின் வரிசையைக் காட்டும் பெரிய படம் சுவரில் தொங்கும். அதற்குக் கற்றல் ஏணி என்று பெயர். ஏணியில் மைல்கற்கள் உண்டு. ஒவ்வொரு மைல்கல்லும் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு என்னும் படிகளைக் கொண்டது. மதிப்பீட்டு அட்டையில் இடறியவனுக்குக் குறைதீர் அட்டை. எளிதில் கடந்தவனுக்கு வளமூட்டும் அட்டை. பிள்ளை காலையில் வந்ததும் ஏணியில் தன் இடத்தைத் தானே கண்டு, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து, அச்சின்னத்துக்குரிய குழுவில் சென்று அமர்கிறான். ஆசிரியர் தரையில், புதிதாகத் தொடங்குவோர் நடுவே இருக்கிறார். மூன்று வாரம் ஆடு மேய்த்துத் திரும்பியவனுக்கு அவனுடைய படி அவ்விடத்திலேயே காத்திருக்கிறது.

இம்முறையில் நான் பெரிதாகக் கருதுவது மதிப்பீட்டு அட்டையின் இடத்தையே. அது ஆண்டின் இறுதியில் இல்லை. பருவத்தின் இறுதியிலும் இல்லை. பாடத்தோடு பாடமாக, மற்றோர் அட்டை போலவே தட்டில் கிடக்கிறது. தேர்வு என்ற அச்சம் குழந்தைக்கு எழுவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. தவறியவன் 'தோற்றவன்' ஆவதில்லை; வேறோர் அட்டை எடுப்பவன் ஆகிறான். மணலைத் தடவி மீண்டும் எழுதிய பழைய கை இங்கே அட்டையை மாற்றி எடுக்கிறது. கணக்கை அளப்பதற்கு இவர்கள் கண்ட 'மெட்ரிக் மேளா' இன்னும் அழகியது. பிள்ளைகள் கடை பரப்புவர். தராசில் நிறுத்து விற்பர். வருவோர் உயரத்தையும் எடையையும் அளந்து சொல்வர். வாடிக்கையாளர் அவர்களின் தாய்மார். தன் மகள் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணித் தருவதைக் கண்ட தாய்க்கு மதிப்பெண் பட்டியல் எதற்கு?

உடன்பயில்வோர் துணையோடு கற்பதைப் புதுமை என்று வியப்போர்க்குப் பவணந்தியாரின் நன்னூலை நினைவூட்டலாம். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டு வரும் புலமை காற்பங்கே. உடன் கற்போரோடு பழகி வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அந்நூலின் பொதுப்பாயிரம் தரும் கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் கல்வியியலார் நீண்ட ஆய்வுகளால் அடைந்த இடத்துக்குச் சமண முனிவர் ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பின்னக் கணக்கில் வந்து சேர்ந்திருக்கிறார். ரிஷிவேலி அன்பர்கள் நன்னூலைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. அத்தகைய உரிமை கொண்டாடல் நம்மவர்க்கு எளிதில் வரும் நோய்.

ஏணி பின்னர் பயணம் புறப்பட்டது. 1995இல் மைசூரை அடுத்த எச்.டி. கோட்டைப் பகுதி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு வந்து கண்டு சென்றனர். அதிலிருந்து 'நலி கலி' என்னும் கன்னடத் திட்டம் பிறந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் இதனைச் 'செயல்வழிக் கற்றல்' என்னும் பெயரோடு தொடங்கினார். முன்னர் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்து, தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறார்க்கான பள்ளிகளில் ஈடுபாடு காட்டியவர் அவர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து 2007-08இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது சென்றது. எண்ணிக்கை ஏறத்தாழ 37,000. மாணவர் பெஞ்சுகளும் ஆசிரியரின் நாற்காலியும் ஒதுங்கின, பாய்கள் விரிந்தன. சுவரைச் சுற்றிக் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை தாழ்ந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் தொங்கவிட்டனர். அரிச்சுவடியின் வரிசையும் மாறியது. அ, ஆ என்று தொடங்காமல், எழுத எளிய ட, ப, ம போன்ற எழுத்துகளை முதலில் தந்து, சில நாளிலேயே 'படம்', 'பட்டம்', 'மடம்' எனச் சொற்களைக் கூட்டிப் படிக்கச் செய்தனர். அகரத்தை முதலில் எழுதாத தமிழ்க் கல்வியா என்று பெரியோர் பலர் முகம் சுளித்தனர். குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை.

பத்துக்கும் சற்று மேற்பட்ட சிற்றூர்ப் பள்ளிகளில் பழுத்த முறையை நாற்பதாயிரத்துக்கு அருகான பள்ளிகளுக்கு ஆணையாக அனுப்பினால் என்ன நேரும்? அட்டையை அச்சிடலாம், அட்டை எடுக்கும் பிள்ளையை உற்று நோக்கும் கண்ணை அச்சிட இயலாது. ரிஷிவேலி ஆசிரியர்கள் அட்டைகளைத் தம் கையால் ஆக்கினர். ஊர்ப் பாட்டியிடம் கேட்ட கதையைப் பாடமாக எழுதினர். தமிழகத்து ஆசிரியர் பலர்க்கு அட்டைகள் பெட்டியில் வந்திறங்கின. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி முறிந்தது. பதிவேடுகள் பெருகின. எவ்வளவு அட்டை கடந்தது என்று மேலிடம் கணக்குக் கேட்கத் தொடங்கியபோது, 1860களின் ஆய்வாளர் வேறு உடையில் திரும்பி வந்தார் என்றே சொல்லவேண்டும். ஆயினும் இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் அறமாகாது. அரசுப் பள்ளிக் குழந்தை ஆசிரியரிடம் அஞ்சாமல் எழுந்து வந்து வினவும் காட்சி, முன்னர் அரிதாயிருந்தது, அவ்வாண்டுகளில் பல வகுப்பறைகளில் இயல்பாயிற்று.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடர்ந்தும் முழுமையாகவும் அமைந்த மதிப்பீட்டை நாடெங்கும் வற்புறுத்தியது. தமிழகம் 2012-13இல் முப்பருவ முறையைக் கொணர்ந்து, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்ணைப் பகுத்தது. வளரறிவதற்கே மதிப்பெண் இட்டபோது அதுவும் ஒரு சிறு தேர்வாகச் சுருங்கியது பலர் கண்ட உண்மை. பின்னர்ப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்து, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது, முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைக்கேற்பக் குழுவாக்கினர். பெயர் மாறிற்று, வயதைப் பாராமல் நிலையைப் பார்க்கும் கருத்து மீண்டும் தலைகாட்டிற்று.

நிற்க. தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட பங்கு உண்டு. சங்கங்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ் வகுப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் அறை, பெரும்பாலும் ஓர் ஆசிரியை, அவரும் ஊதியம் பெறாத ஒரு தாய். பாட்டியோடு வளர்ந்து சரளமாய்ப் பேசும் ஆறு வயதுக் குழந்தையும், கேட்டால் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்திலோ இந்தியிலோ விடை சொல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். மதனப்பள்ளிச் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளியும் இதுவும் தன்மையில் ஒன்றே. பிள்ளை இங்கும் வாரம் தவறுகிறான். ஆடு மேய்க்க அன்று, நீச்சல் வகுப்புக்கும் பிறந்தநாள் விருந்துக்கும். திரும்பி வரும்போது பாடம் நகர்ந்திருக்கிறது. ஆண்டிறுதியில் தேர்வு வைத்து, முதல் மூவர்க்குப் பரிசளித்துப் படம் எடுக்கிறோம். நான்காமவன் மறு ஆண்டு வருவதில்லை. தமிழ் அவனோடு அக்குடும்பத்தில் நின்றுபோகிறது.

அங்கே ஓர் ஏணியைச் சுவரில் மாட்டினால் அதன் மைல்கற்கள் எவையாக இருக்கும்? அட்டைகள் ஊரிலிருந்து பெட்டியில் வர வேண்டா. நம் வீட்டிலேயே இருக்கின்றன. மாமா, சித்தப்பா, பெரியப்பா என்னும் முறைப்பெயர்களைச் சொல்லிக் குடும்பப் படத்தில் உரியவரைக் காட்டுவது ஒரு மதிப்பீட்டு அட்டை. அம்மா தமிழில் எழுதிய கடைப்பட்டியலைப் படித்துப் பொருள்களை எடுத்து வருவது மற்றொன்று. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டுவது, நன்னூலார் சொன்ன அரைப்பங்குக்குரிய அட்டை. ஊரிலுள்ள தாத்தாவோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் தமிழிலேயே பேசி, அவர் சொன்ன செய்தியை வகுப்பில் வந்து கூறுவது சற்று உயர்ந்த படி. பேச்சு இடையில் தடுமாறினால் தாத்தாவே சொல்லெடுத்துக் கொடுப்பார். அடுத்த ஞாயிறு அதே அட்டையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.